நாத்தனாருக்குச் சர்க்கரை, வீட்டில் ரோஷ் ஹஷானா!

விருந்தாளிக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்ததும் நம்மில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்வோம். "பண்டிகைதானே, ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆகாது" என்று தட்டு நிறையப் பரிமாறுவோம். இல்லாவிட்டால் அவருக்கென்று இரண்டு வறட்டுச் சப்பாத்தியும் உப்புச் சப்பில்லாத ஒரு காயும் தனியாக வைத்து, மற்றவர்கள் அல்வா சாப்பிடுவதை வேடிக்கை பார்க்க விடுவோம். முதலாவது உடம்புக்குக் கெடுதல். இரண்டாவது மனசுக்குக் கெடுதல். எனக்கென்னவோ இரண்டாவதுதான் பெரிய கொடுமை என்று படுகிறது.

இந்தத் தடவை தீபாவளி, பொங்கலை விட்டுவிட்டு நம் வாசகிகளில் பலருக்குப் புதிதான ஒரு பண்டிகையைப் பற்றி எழுதுகிறேன். கல்யாணமாகி இந்தத் தாணா நகருக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் மாடிவீட்டில் இருப்பவர்கள் பெனே இஸ்ரேல் எனப்படும் யூதர்கள். கொங்கணக் கரையில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துவரும் மக்கள். வீட்டில் பேசுவது மராத்திதான். முன்காலத்தில் எண்ணெய் ஆட்டுவது அவர்கள் தொழில். சனிக்கிழமை வேலை செய்யமாட்டார்கள் என்பதால் ஊரார் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர், என்று அழைத்தார்கள். 1948-ல் இஸ்ரேல் நாடு உருவான பிறகு பெரும்பாலோர் அங்கே போய்விட்டார்கள். இங்கே மிச்சமிருக்கும் குடும்பங்களுக்குத் தாணாவில் 1879-ல் கட்டிய தொழுகைக் கூடம் இருக்கிறது.

மாடிவீட்டு அம்மாளை நான் 'தாயி' என்றுதான் கூப்பிடுவேன். மராத்தியில் அக்காவுக்கு அப்படிச் சொல்வார்கள். அவருடைய நாத்தனார் இஸ்ரேலிலிருந்து பல வருஷம் கழித்து, பிறந்த வீட்டில் பண்டிகை கொண்டாட வருவதாகக் கடிதம் வந்தது. அறுபது வயதைத் தாண்டியவர். சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் ஊசி. பண்டிகையோ ரோஷ் ஹஷானா, அவர்களுடைய வருஷப் பிறப்பு. செப்டம்பரிலோ அக்டோபர் தொடக்கத்திலோ இரண்டு நாள் வரும். வருஷம் இனிப்பாக இருக்கவேண்டும் என்று ஆப்பிளைத் தேனில் தொட்டுச் சாப்பிடுவதுதான் அதன் முக்கிய சடங்கே!

என் மாமியாருக்குப் பதினான்கு வருஷமாகச் சர்க்கரை. அளந்து போட்டுப் பழகிய கை என்பதால் தாயி நேராக என்னிடம் வந்துவிட்டார்.

"என்ன பண்றதுன்னே தெரியலை. அல்வாவே வேண்டாம்னு விட்டுடவா? அவங்க முன்னாடி நாங்க சாப்பிட்டா நல்லாவா இருக்கும்?"

"முதல்ல உங்க பண்டிகையில என்னென்ன வைப்பீங்க, அதைச் சொல்லுங்க தாயி" என்றேன்.

அவர் சொல்லச் சொல்ல எனக்கு ஒரே ஆச்சரியம். யூதர்களின் பழைய நூலான தால்முத்தில், வருஷப் பிறப்பன்று கண்ணால் பார்த்துச் சாப்பிட வேண்டியவை என்று ஐந்து பொருள்கள் இருக்கின்றனவாம்: சுரைக்காய், ருபியா என்கிற பயறு, லீக் என்கிற வெங்காய வகை, பீட் கீரை, பேரீச்சம்பழம். ஒவ்வொன்றின் பெயரும் அவர்கள் மொழியில் ஒரு வேண்டுதலின் ஒலியோடு ஒத்துப்போகிறது. ருபியா என்றால் 'பெருகட்டும்'. லீக் என்றால் 'பகை அறுபடட்டும்'. இந்த மாதிரி. தேனும் ஆப்பிளும் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு ஐரோப்பாப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தவை.

நீங்களே எண்ணிப் பாருங்கள். ஐந்தில் இனிப்பு எது? பேரீச்சை ஒன்றுதான். மற்ற நான்கும் எந்த டாக்டரும் 'தாராளமாகச் சாப்பிடுங்கள்' என்று சொல்கிற காய், கீரை, பயறு! இந்த ருபியாவைச் சிலர் காராமணி என்கிறார்கள். பழைய உரைகாரர் ராஷி என்பவரோ அதை வெந்தயம் என்கிறார். வெந்தயத்தைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. (அதற்காக வெந்தயத் தண்ணீர் குடித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அப்படி நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு.)

ஆகவே நான் தாயியிடம் சொன்னது இதுதான்: நாத்தனாருக்கென்று தனிச் சமையல் வேண்டாம். தட்டும் வேறாக வேண்டாம். இந்த நான்கையும் பெரிதாக்குங்கள். இனிப்பைச் சிறிதாக்குங்கள். எல்லோருக்கும் ஒரே சாப்பாடு, அளவு மட்டும் அவரவருக்கு.

அல்வாவுக்கு வருவோம். பெனே இஸ்ரேல் வீடுகளில் இந்தப் பண்டிகைக்கு 'சிக் அல்வா' கிளறாமல் இருக்கமாட்டார்கள். கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்து, சர்க்கரையும் தேங்காய்ப் பாலும் சேர்த்துக் கிளறுவது. திருநெல்வேலிப் பக்கம் பிறந்த எனக்கு அந்த வாசனை வந்தாலே போதும்! நம் அல்வாவும் கோதுமைப் பால்தானே? வித்தியாசம், நாம் நெய்யை ஊற்றுவோம். அவர்கள் மதச்சட்டப்படி இறைச்சிச் சாப்பாட்டோடு பால், நெய், தயிர் எதுவும் சேர்க்கக் கூடாது. அதனால் தேங்காய்ப் பால்.

அல்வாவை நிறுத்தாதீர்கள் என்றேன். சர்க்கரைக்குப் பதில் இனிப்பு மாத்திரை போட்டுக் கிளறலாமா என்று கேட்டார். அதுவும் வேண்டாம் என்றேன். அல்வாவின் பளபளப்பும் பதமும் சர்க்கரைப் பாகில்தான் இருக்கிறது. மாத்திரை போட்டால் கூழ்தான் கிடைக்கும். அதோடு கோதுமைப் பால் முழுக்க மாவுச்சத்து. சர்க்கரையை எடுத்துவிட்டாலும் அது ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் போய்ச் சேரும். 'சர்க்கரை இல்லாத அல்வா' என்ற தைரியத்தில் நாலு துண்டு சாப்பிடுவதைவிட நிஜமான அல்வாவில் ஒரு சின்னத் துண்டு மேல். வெல்லம், தேன், பனங்கற்கண்டு எல்லாம் 'நல்ல சர்க்கரை' என்று நினைப்பவர்களும் உண்டு. நாக்குக்குத்தான் வித்தியாசம் தெரியும், மீட்டருக்குத் தெரியாது.

கணக்கு சுலபம். அரை கிலோ சர்க்கரை போட்ட அல்வாவை 50 துண்டாக வெட்டினால் துண்டுக்கு 10 கிராம் சர்க்கரை. 100 துண்டாக வெட்டினால் 5 கிராம், மாவுச்சத்து தனி. தாயி அந்த வருஷம் 100 துண்டாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பாதாம் பருப்பைப் பதித்தார். தட்டில் பார்க்க நகைக்கடை மாதிரி இருந்தது! யாரும் சிறிசு என்று குறை சொல்லவில்லை.

பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பு நாத்தனார் வந்து இறங்கினார். வந்த மறுநாளே நான் மேலே போய், "அக்கா, ஒரு வேளைக்கு எவ்வளவு மாவுச்சத்து வச்சுக்குவீங்க?" என்று கேட்டேன். மனிதர்களைத்தான் முதலில் கேட்கவேண்டும். நாமாக 'இது ஆகாது, அது ஆகாது' என்று முடிவு செய்யக் கூடாது. வியாதி அவருடையது, அதோடு பல வருஷம் குடும்பம் நடத்தியவரும் அவர்தான். "60 கிராம், கொஞ்சம் முன்னே பின்னே" என்றார். அவருடைய டாக்டர் அவருக்குச் சொன்ன அளவு அது. உங்கள் வீட்டு விருந்தாளிக்கு வேறாக இருக்கும்.

மூவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். ஆசீர்வாதம் செய்து பகிரும் ரொட்டியில் சின்னத் துண்டு, 15 கிராம் மாவுச்சத்து. ஆப்பிள் முழுசாகச் சாப்பிட்டால் 25 கிராம், எட்டில் ஒரு கீற்றானால் 3. தேன் ஒரு மேஜைக்கரண்டியில் 17 கிராம். கீற்றின் நுனியில் தொட்டுக்கொள்ள அரைத் தேக்கரண்டி போதும், 3. காராமணி உசல் கால் கப் 10, அதில் நார்ச்சத்தும் இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். சிவப்புப் பூசணி 3. வெந்த சோறு ஒரு கப்பானால் 45. அதனால் மூன்றில் ஒரு பங்கு, 15. அல்வா ஒரு துண்டு 7. கீரையும் வெங்காயத்தாளும் கணக்கிலேயே சேராது. மீனும் ஆட்டுக்கறியும் அப்படித்தான், உருளைக்கிழங்கு போடாதவரை. (தாயி கறியில் உருளைக்கிழங்கு போடுபவர். அன்றைக்கு முருங்கைக்காய் போட்டார். மாமனார் மட்டும் முணுமுணுத்தார்.)

பேரீச்சையில்தான் ஒரு சிக்கல். நாத்தனார் ஊரிலிருந்து பெரிய மெட்ஜூல் பேரீச்சை ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தார். நம் கடையில் கிடைக்கும் சின்னப் பேரீச்சை ஒன்றில் சுமார் 5 கிராம் சர்க்கரை. இந்த மெட்ஜூல் ஒன்றில் 18! அதையும் நாலாக நறுக்கி ஆளுக்கொரு துண்டு என்று வைத்தோம். கூட்டிப் பார்த்தால் 60-ஐ ஒட்டி வந்தது. நாத்தனார் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். "போன வருஷம் ஒரு வீட்டுல எனக்குன்னு தனியா வேகவைச்ச கேரட் வச்சாங்க. சாப்பிட்டுட்டுப் போய்ப் படுத்துக்கிட்டேன்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

திராட்சை ரசத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பண்டிகைச் சாப்பாட்டுக்கு முன் கிண்ணத்தை ஏந்தி ஆசீர்வாதம் சொல்வது அவர்கள் வழக்கம். பெனே இஸ்ரேல் வீடுகளில் ஒயினுக்குப் பதில் உலர்ந்த திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த சர்பத்தை வைப்பார்கள். சர்க்கரை போடாவிட்டாலும் அது முழுக்கப் பழச்சர்க்கரைதான். ஆசீர்வாதம் சொல்பவர்தான் தேவையான அளவு குடிக்கவேண்டும். கேட்டு ஆமென் சொல்பவர்கள் ஒரு வாய் சுவைத்தால் போதும். ஒயின் வைக்கும் வீடானால் இன்னொரு கவனம் தேவை. ஊசியோ, சில மாத்திரைகளோ எடுப்பவருக்கு வெறும் வயிற்றில் மது போனால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும்.

நம் பழக்கத்தில் இன்னொன்று: 'சாப்பாடு முடிந்ததும் ஒரு டம்ளர் மோர் குடிங்க' என்போம். இங்கே அது நடக்காது. கறி சாப்பிட்டால் பிறகு பல மணி நேரம் பாலோ தயிரோ தொடமாட்டார்கள். பால் விட்ட டீயும் கிடையாது. அதனால் எலுமிச்சைப் புல்லைத் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்த, சர்க்கரையும் பாலும் இல்லாத டீ. கடையில் விற்கும் 'சர்க்கரை இல்லாத' பேடா, பர்பியும் வாங்கிக் கொண்டுபோகாதீர்கள். கோவாவும் நெய்யும் கலந்தவை. அவர்களுடைய உணவுச் சட்டம் தெரியாமல் சமைத்த பண்டம் எதுவும் கொண்டுபோகவேண்டாம். நான் முழு மாதுளம்பழங்களாகத்தான் கொடுத்தேன். மாதுளையும் அன்றைக்கு மங்கலப் பழம்தான். விதைகளைப் போல் நற்செயல்கள் பெருகட்டும் என்று சாப்பிடுவார்கள். உதிர்த்த முத்து அரைக் கப்பில் 16 கிராம் மாவுச்சத்து இருப்பதால் அதையும் கரண்டியால்தான் பரிமாறினோம்.

இனிமேல் எழுதுவதைத்தான் முக்கியமாகப் படிக்கச் சொல்வேன். சர்க்கரைக்காரர் விருந்தில் நமக்கெல்லாம் பயம் ஏறிவிடுமோ என்பதுதான். ஊசி போடுகிறவருக்கு இறங்கிவிடுவதுதான் உடனடி ஆபத்து. சூரியன் மறைந்ததும் பண்டிகை தொடங்கும். தொழுகைக் கூடத்துக்குப் போய்த் திரும்ப எட்டு, எட்டரை. வந்ததும் சோறு கிடையாது. முதலில் கிண்ண ஆசீர்வாதம், பிறகு ஒவ்வொரு மங்கலப் பொருளுக்கும் ஒரு வேண்டுதல். பெரியவர் நிதானமாகச் சொன்னால் அரை மணி நேரம் ஆகும். வழக்கமாக எட்டு மணிக்குச் சாப்பிடுகிறவர் எட்டு மணிக்கே ஊசியைப் போட்டுக்கொண்டு காத்திருந்தால் என்ன ஆகும்? மருந்து வேலையைத் தொடங்கிவிடும், வயிற்றில் ஒன்றும் இருக்காது.

நாத்தனார் தன் டாக்டரிடம் முன்பே கேட்டு வந்திருந்தார். சோறு மேஜைக்கு வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சாப்பாட்டு ஊசி. மாலை ஆறு மணிக்கு ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையும் பாதி கொய்யாவும். மறுநாள் காலை ஆட்டுக்கொம்பு ஊதும் தொழுகை நடுப்பகல் தாண்டியும் நீளும். சிலர் தொழுகை முடியும்வரை ஒன்றும் சாப்பிடமாட்டார்கள். மருந்து எடுப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. உயிரைக் காப்பது மற்ற நியமங்களுக்கு மேல் என்பது அவர்கள் மதத்திலேயே உள்ள விதி. பண்டிகை நாளில் மீட்டர் பார்ப்பதைப் பற்றியும் அவர் தங்கள் ரப்பியிடம் கேட்டு வைத்திருந்தார்.

உடம்பு நடுங்கி, குப்பென்று வியர்த்து, பேச்சு குழறினால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று சந்தேகப்படுங்கள். மீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால் காத்திருக்கவே கூடாது. 15 கிராம் சர்க்கரை உடனே உள்ளே போகவேண்டும்: மூன்று நாலு தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்தோ, ஒரு மேஜைக்கரண்டி தேனாகவோ. 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்த்து, ஏறாவிட்டால் இன்னொரு தடவை. அல்வாவும் சாக்லேட்டும் இந்த நேரத்துக்கு உதவாது. கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரை ஏறிவிடும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். பண்டிகை மேஜையில் தேன் கிண்ணம் எப்படியும் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது, எதற்கு என்று வீட்டுக் குழந்தைகளுக்குக்கூடத் தாயி சொல்லிவைத்தார்.

அன்றிரவு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து நாத்தனாருக்கு மீட்டரில் 168. அவர் டாக்டர் 180-க்குள் இருந்தால் போதும் என்றிருந்தாராம். தேங்காய்ப் பால் கனத்தால் நடுராத்திரிக்கு மேல் ஏறக்கூடும் என்று படுக்கும்முன் இன்னொரு தடவையும் பார்த்துக்கொண்டார். மறுநாள் மதியச் சாப்பாடு ஆனதும் அவர்கள் நீர்நிலைக்குப் போய்ப் பாவங்களை நீரில் விட்டுப் பிரார்த்திக்கிற வழக்கம் உண்டு. தாணாவில் ஏரிக்கா பஞ்சம்? குடும்பத்தோடு நடந்தே போய் நடந்தே வந்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு நடங்கள் என்று டாக்டர்கள் தொண்டை வறளச் சொல்வதை இவர்கள் சடங்காகவே வைத்திருக்கிறார்கள்.

பத்தாம் நாள் யோம் கிப்பூர் வரும். தண்ணீர்கூட இல்லாமல் சுமார் 25 மணி நேர உபவாசம். ஊசி போடுகிறவர்கள் அதைப் பற்றித் தாங்களாக முடிவு செய்யக் கூடாது. டாக்டரையும் ரப்பியையும் பண்டிகைக்கு முன்பே கேட்டுவிடவேண்டும். நம் வீட்டில் ஏகாதசி, சஷ்டி இருக்கும் மாமியார்களுக்கும் இதையே சொல்வேன். கேட்பார்களா என்பது வேறு விஷயம்.

காராமணி உசல் எப்படி என்று கேட்டு எழுதுவீர்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆறு பேருக்கு ஒன்றரைக் கப் காராமணியை ஆறு மணி நேரம் ஊறவைத்து, உப்புப் போட்டு, குழையாமல் வேகவைத்துக்கொள்ளுங்கள். ஒரு மேஜைக்கரண்டி எண்ணெயில் கடுகு, சீரகம் தாளித்து, பொடியாக நறுக்கிய இரண்டு வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, கீறிய பச்சை மிளகாய் நாலு, மஞ்சள்தூள் போட்டு வதக்குங்கள். வெந்த காராமணியைக் கொஞ்சம் தண்ணீரோடு சேர்த்து, இரண்டு மூன்று கோகம் போட்டுக் கொதிக்கவிடுங்கள். கோகம் கிடைக்காத ஊரில் இறக்கிய பிறகு எலுமிச்சம்பழம் பிழியலாம். கடைசியில் இரண்டு கரண்டி தேங்காய்த் துருவலும் கொத்துமல்லியும். மராத்திக்காரர்கள் இதில் ஒரு கட்டி வெல்லம் போடுவார்கள். அதை மட்டும் விட்டுவிடுங்கள். பண்டிகை தொடங்கியபின் அவர்கள் புதிதாக நெருப்பு மூட்டமாட்டார்கள் என்பதால் தாயி நாலு மணிக்கே செய்து, சிறு தீயில் வைத்துவிட்டார். ஆற ஆற இறுகும். பரிமாறும்போது கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கிளறிக்கொள்ளுங்கள்.